ஊம் வேறு, ஜிர்ர் வேறு: பெரம்பூர் ஒத்திகை அறையில் ஒரு சிங்கிள் காயில் கிதார்

என்னிடம் வந்த புகார் இதுதான். பெரம்பூரில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் ஷீட் போட்டு எழுப்பிய ஒத்திகை அறை. அங்கே ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை எலக்ட்ரிக் கிதாரை ஆம்பில் செருகிய உடனே ஹம், அதாவது விடாத முனகல் இரைச்சல், கிளம்பிவிடுகிறது. சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலை மிதித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்பதில்லை. வாசிப்பவர் ஒரு மெல்லிசைக் குழுவில் இருக்கும் இளைஞர். ஞாயிறு காலைகளில் சர்ச்சிலும் வாசிக்கிறார். தன் வீட்டில் இதே கிதார் இவ்வளவு மோசமில்லை என்றார். ஏற்கெனவே ஒரு கடையில் கொடுத்து உள்ளே முழுக்கக் காப்பர் ஃபாயில் ஒட்டி வாங்கியிருந்தார். அதில் பலன் இல்லை என்றதும், தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்கும் மூன்று பிக்கப்பையும் இரைச்சல் இல்லாத ரகத்துக்கு மாற்றிவிடச் சொல்லியிருக்கிறார்கள்.

“அண்ணா, நெக் பிக்கப் சவுண்டுக்காகத்தான் இந்தக் கிதாரையே வாங்கினேன். அதை மாத்தாம ஏதாவது பண்ண முடியுமா?”

முடியும் என்று அப்போதே சொல்லவில்லை. அறையைப் பார்க்க வேண்டும் என்றேன். வீட்டில் குறைவாகவும் அறையில் அதிகமாகவும் இருக்கிறது என்றால் கோளாறில் பாதிக்கு மேல் கிதாருக்கு வெளியே இருக்கிறது. அதைப் பார்க்காமல் பிக்கப் மாற்றுவது பணத்தைக் கரைக்கும் வேலை.

கிதார் விலை குறைந்த ரகம்தான், ஆனால் கழுத்தும் அதன் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளும் நன்றாக இருந்தன. மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப், அவற்றில் கழுத்தை ஒட்டியது நெக் பிக்கப்; எது ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஐந்து நிலை ஸ்விட்ச். 15 வாட் வால்வு ஆம்ப். இடையில் ஓவர்டிரைவ், கோரஸ், டிலே என்று மூன்று பெடல்கள்; மூன்றுக்கும் ஒரே பழைய அடாப்டரிலிருந்து கிளை பிரியும் ஒயர். அறையில் சீலிங் ஃபேன், ஏசி, அதற்கு ஒரு ஸ்டெபிலைசர், கீபோர்டு, மிக்சர், ஒரு லேப்டாப். ஏசியையும் ஃபேனையும் தவிர மற்ற எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்.

சோதனைக்குப் போகும் முன், சிங்கிள் காயில் ஏன் இரைகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரியாததால்தான் ஃபாயிலுக்குக் காசு போகிறது.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். கம்பி 42 கேஜ், அதாவது சுமார் 0.063 மில்லிமீட்டர் தடிமன். சுற்றுகள் 8,000 அளவில். இரும்புத் தந்தி அதிரும்போது சுருளின் ஊடே போகும் காந்தப்புலம் மாறும், மாறினால் மின்னழுத்தம் பிறக்கும். 1831-இல் ஃபாரடே கண்ட அதே விதி. தந்தியால் வந்த மாற்றமா, சுவரில் தொங்கும் டிரான்ஸ்பார்மரால் வந்த மாற்றமா என்று சுருளுக்குத் தெரியாது. இரண்டையும் ஆம்புக்கு அனுப்பிவிடும்.

எவ்வளவு அனுப்பும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சுருளின் சராசரிப் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர், அறையில் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் 0.1 மைக்ரோடெஸ்லா என்று வைத்துக்கொண்டால் சுமார் 0.1 மில்லிவோல்ட் கிடைக்கும். தந்தியை மீட்டினால் 100 மில்லிவோல்ட் அளவில் வரும். ஆயிரத்தில் ஒரு பங்கு இரைச்சல். ஓவர்டிரைவ் போடாத கிளீன் சவுண்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு டிரான்ஸ்பார்மரின் அருகே உட்கார்ந்தால் புலம் 1 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டுவது சாதாரணம். அங்கே நூறில் ஒரு பங்கு. இதன் மேல் ஓவர்டிரைவ் வந்தால் கணக்கே மாறிப்போகும். அது பெரிய சிக்னலின் தலையை வெட்டிவிட்டு, சின்னதை மட்டும் பல மடங்கு பெருக்குகிறது. வாசிப்பை நிறுத்திய கணத்தில் அறை முழுக்க இரைச்சல்தான்.

இது காந்த வழி. இதில் வருவது அடித்தொண்டையில் முனகும் “ஊம்”. இன்னொன்று மின்புல வழி. சுவருக்குள் ஓடும் ஒயர், ஃபேன் ரெகுலேட்டர், நம் உடம்பு எல்லாமே சின்னக் கெப்பாசிட்டர்போல் கிதாரின் சிக்னல் ஒயரோடு இணைகின்றன. இந்த வழியில் மேல் அலைவெண்கள்தான் எளிதாக நுழையும், அதனால் காதைக் குத்தும் “ஜிர்ர்”. காப்பர் ஃபாயில் தடுப்பது இரண்டாவதை மட்டும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைச் செம்பால் குறைக்க வேண்டுமென்றால் சுமார் 9 மில்லிமீட்டர் கனமாவது வேண்டும். முடியைவிடச் சற்றுத் தடித்த ஃபாயிலை ஒட்டிவிட்டு “ஊம்” போகவில்லையே என்பது, கொசுவலை கட்டிவிட்டுப் புழுக்கம் குறையவில்லையே என்று கேட்பது.

வால்யூமை சைபரில் வைத்து

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். கிதாரின் வால்யூமை முழுக்கக் குறைத்தால் பிக்கப்பின் சிக்னல் எர்த்தோடு இணைந்துவிடும். அப்போதும் இரைச்சல் மிச்சமிருந்தால் அது பிக்கப்பிலிருந்து வரவில்லை.

இங்கே மிச்சமிருந்தது. கணிசமாகவே இருந்தது.

அதற்கு முன்பே அவர் சொன்ன ஒரு விஷயம் என் மனதில் இருந்தது. ஆறாவது தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தி விட்டால் சத்தம் “வவ்வவ்” என்று அலை அடிக்கிறதாம். அந்த இடத்தில் உள்ள ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்; அதை டயோடு வைத்து முழு அலையாகத் திருத்தினால் மிஞ்சும் சிற்றலை 100 ஹெர்ட்ஸ். 98-ம் 100-ம் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். இதைக் காதாலேயே எண்ணிவிடலாம். அமெரிக்கக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இந்தச் சோதனை கிடைக்காது, அங்கே 60 ஹெர்ட்ஸ்.

100 ஹெர்ட்ஸ் என்றால் ஏதோ ஒரு பவர் சப்ளையின் கெப்பாசிட்டர் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம். ஆம்பிலா, அடாப்டரிலா? ஆம்பிலிருந்து கேபிளை உருவினேன். ஆம்ப் அடங்கிவிட்டது, அதன் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் மேல் பழி இல்லை. ஓவர்டிரைவ் பெடலை மட்டும் 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, மற்ற இரண்டையும் கழற்றிவிட்டுக் கேட்டோம். அலையும் இல்லை, இரைச்சலும் இல்லை. அடாப்டரைத் திறந்தபோது உள்ளே சின்ன டிரான்ஸ்பார்மர், நான்கு டயோடு, தலை உப்பிய ஒரே ஒரு கெப்பாசிட்டர். கெப்பாசிட்டரை மட்டும் மாற்றியிருக்கலாம். ஆனால் டிஜிட்டல் டிலேயையும் அனலாக் ஓவர்டிரைவையும் ஒரே ஒயரில் கோத்தால் வேறு ஒரு மெல்லிய கீச்சு ஓவர்டிரைவுக்குள் போகும். அதனால் ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரித்த வெளியீடு உள்ள சப்ளை ஒன்றை வாங்கச் சொன்னேன். இந்த வேலை மொத்தத்திலும் அதிகம் செலவானது அதற்குத்தான்.

தந்தியைத் தொட்டால்

அடுத்த சோதனை: வால்யூமைத் திறந்து, தந்தியைத் தொட்டும் விட்டும் கேட்பது. ஒழுங்கான கிதாரில் தந்தியைத் தொட்டால் “ஜிர்ர்” குறையும். தந்தி, அதைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு இணைந்திருப்பதால், தொட்டவுடன் நம் உடம்பும் எர்த் ஆகிவிடுகிறது. பலர் இதைக் கிதாரின் கோளாறு என்று நினைக்கிறார்கள். தொட்டால் குறைவது சரியான அறிகுறி.

இந்த அறையில் தொட்டால் கூடியது.

அதைக் கேட்டதும் கிதாரைக் கீழே வைத்துவிட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குப் போனேன். தொட்டால் கூடுகிறது என்றால் தந்தி போய்ச் சேரும் எர்த்தே எர்த்தாக இல்லை. மல்டிமீட்டர் வைத்தால் எர்த் முனையில் நியூட்ரலுக்கு எதிராக 100 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் எண் தொங்கி விழுந்தது. விளக்கம் எளிது. சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் ஒயர் எங்கும் போய்ச் சேராமல் தொங்கினால், அவை இரண்டும் சேர்ந்து அதை 230-இன் பாதிக்கு இழுத்து வைக்கும். கரண்ட் மிகச் சிறிது. ஆனால் ஆம்பின் சேசிஸ் (உலோகச் சட்டம்), கிதாரின் தந்தி எல்லாம் அந்த வோல்டேஜில் மிதக்கும். பாடும்போது மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்று குழுவில் பாடுகிற பெண் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். யாரும் அதையும் ஹம்மையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்ததில், கீழ் வீட்டில் எர்த் குழி இருக்கிறது, மாடி அறைக்கு இழுத்த ஒயரில் ஃபேஸும் நியூட்ரலும் மட்டுமே வந்திருக்கின்றன. சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருந்தும் மூன்றாவதில் ஒயரே இல்லை. வீட்டுக்கார அம்மாவுக்கு இது தெரியாது. விஷயத்தைச் சொன்னதும், “பசங்க தினமும் வந்து வாசிக்கிற இடம், முதல்ல அதைப் போட்டுடுங்க” என்றார். எர்த் ஒயர் இழுத்து, கூடவே மின்கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடப்பட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கச்சேரி மேடைகளில் ஹம் வந்தால் ஆம்பின் எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் இருக்கிறது. ஆம்பும் மிக்சரும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகி, அவற்றை ஒரு ஆடியோ கேபிளும் இணைத்தால் வளையம் உண்டாகி ஹம் வரும் என்பது உண்மைதான். அதற்கு மருந்து, நேரடி இணைப்பைத் துண்டித்துச் சிக்னலை மட்டும் கடத்தும் டிரான்ஸ்பார்மர் வைத்த டிஐ பாக்ஸ், அல்லது எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுப்பது. பின்னைக் கழற்றினால் ஹம் போகும். ஆம்புக்குள் ஒரு இன்சுலேஷன் விட்டுப்போன நாளில், ஒரு கை தந்தியிலும் உதடு மைக்கிலும் இருக்கிறவர் வழியாக 230 வோல்ட் எர்த்துக்குப் போகும். எந்தச் சூழலிலும் செய்யக் கூடாத வேலை இது.

எர்த் வந்த பிறகு தந்தியைத் தொட்டால் “ஜிர்ர்” குறைந்தது. ஆனால் கை எடுத்தால் இன்னும் அதிகம்தான். பிக்கப்புகளைத் தாங்கும் முகத்தகடான பிக்கார்டைத் திறந்து ஃபாயிலைப் பார்த்தேன். ஒட்டிய வேலை பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. மீட்டரைப் பீப் நிலையில் வைத்துத் துண்டுக்குத் துண்டு தொட்டால் பாதி இடத்தில் பீப் இல்லை. ஃபாயிலின் பசை மின்சாரம் கடத்தாத ரகம். ஒன்றின் மேல் ஒன்று ஒட்டியிருந்தும் துண்டுகள் தனித்தனித் தீவுகள். எர்த்துக்குப் போகாத ஃபாயில் இரைச்சலைத் தடுக்காது, பக்கத்து ஒயருக்குக் கைமாற்றிவிடும். ஒவ்வொரு சேர்க்கையிலும் ஒரு பொட்டு சால்டர் வைத்து, பிக்கார்டின் ஃபாயிலும் உள்குழியின் ஃபாயிலும் விளிம்பில் தொடுமாறு மடித்து, ஒரு ஒயரால் வால்யூம் குமிழுக்கு அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் இணைத்தேன். எல்லா எர்த்தையும் நட்சத்திரம்போல் ஒரே புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு கட்சி உண்டு. கிதாருக்குள் ஓடும் கரண்டுக்கும் அந்தச் சின்ன வளையங்களுக்கும் அது தேவைப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. துண்டுகள் தொடர்ந்து இணைந்திருந்தால் போதும்.

மிச்சமிருந்த “ஜிர்ர்” ஃபேனை ஃபுல்லில் வைத்தால் நின்றது, குறைத்தால் திரும்பியது. வழவழவென்று சுற்றும் குமிழ் ரெகுலேட்டர். உள்ளே டிரையாக் என்ற மின்னணு ஸ்விட்ச் ஒவ்வொரு அரை அலையையும் நடுவில் வெட்டி விடும் வகை. அதைக் கழற்றி, டக் டக் என்று படிப்படியாக மாறும் கெப்பாசிட்டர் வகை போட்டதோடு அந்த அத்தியாயம் முடிந்தது. விலையில் பெரிய வித்தியாசம் கூட இல்லை.

சுருள், காந்தம், திசை

இப்போது தனித்து நின்றது “ஊம்” மட்டும். கிதாரை மடியில் வைத்தபடி மெதுவாகச் சுழன்றால் ஒரு திசையில் பெருத்து, அதிலிருந்து கால்வட்டம் திரும்பினால் கிட்டத்தட்ட மறைகிறது. இது காந்தப்புலத்தின் கையெழுத்து. வேறு எந்த இரைச்சலும் திசைக்கு இப்படி அடங்காது. இந்த நிலையில் கிதாரே நல்ல தேடும் கருவி. நீளமான கேபிள் போட்டு, பிக்கப்பைச் சுவர் பக்கம் காட்டிக்கொண்டு அறையைச் சுற்றினோம். ஏசியின் ஸ்டெபிலைசருக்கு நேராக வந்தபோது ஆம்ப் அலறியது. இவர் வழக்கமாக உட்காரும் ஸ்டூலுக்குப் பின்னால் ஒரு மீட்டர் தூரத்தில் அது மாட்டியிருந்தது.

சென்னையில் ஷீட் போட்ட அறையில் ஏசியை நிறுத்திவிட்டு ஒத்திகை பாருங்கள் என்று சொன்னால் என்னை யாரும் மறுபடி கூப்பிட மாட்டார்கள். ஆனால் டிரான்ஸ்பார்மரிலிருந்து கசியும் புலம் தூரத்தின் மூன்றாவது அடுக்கில் குறைகிறது. ஒரு மீட்டரில் இருப்பவர் மூன்று மீட்டருக்கு நகர்ந்தால் 27-இல் ஒரு பங்கு. ஸ்டெபிலைசரை இடம் மாற்றக்கூட இல்லை. ஸ்டூலையும் ஆம்பையும் எதிர் மூலைக்குக் கொண்டுபோனோம். செலவே இல்லாமல் கிடைத்த பலன் இதுதான், பலர் செய்யாததும் இதுதான்.

அடுத்து கிதாருக்குள்ளேயே ஒரு வாய்ப்பு இருந்தது. ஸ்விட்சின் இரண்டாவது, நான்காவது நிலைகளில் நடு பிக்கப்போடு இன்னொன்று சேர்ந்து ஒலிக்கும். நடு பிக்கப்பின் சுற்றும் காந்தமும் மற்றவற்றுக்கு எதிராக இருந்தால் அந்த நிலைகளில் ஹம் தானாகக் கழிந்துவிடும். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1959-இல் பெற்ற, இரண்டு சுருள் வைத்த ஹம்பக்கர் பிக்கப்பும் இதே சூத்திரத்தில்தான் வேலை செய்கிறது. இந்தக் கிதாரில் அந்த நிலைகளிலும் ஹம் குறையவில்லை. பிக்கப்புகளைக் கழற்றி நடுவையும் நெக்கையும் முகத்துக்கு முகம் காட்டினால் ஒன்றையொன்று தள்ளின. ஒரே துருவம். தொழிற்சாலையில் மூன்றையும் ஒரே மாதிரி போட்டுவிட்டார்கள்.

செய்ய வேண்டியது இரண்டு திருப்பம். காந்தத்தை மட்டும் திருப்பினால் தந்தியின் சிக்னல் தலைகீழாகும், ஹம் மாறாது. சேர்த்து ஒலிக்கும்போது சத்தம் மெலிந்து மூக்கடைத்ததுபோல் வரும். சுருளின் இரண்டு ஒயர்களை மட்டும் மாற்றினால் சிக்னலும் ஹம்மும் இரண்டுமே தலைகீழாகும், அதுவும் பயன்படாது. இரண்டையும் செய்தால் சிக்னல் இரண்டு முறை திரும்பிப் பழைய நிலைக்கு வரும், ஹம் ஒரு முறை மட்டும் திரும்பும். அப்போது பக்கத்துப் பிக்கப்பின் ஹம்மோடு மோதிக் கழியும்.

விலை குறைந்த கிதார் என்பது இங்கே கைகொடுத்தது. விலை உயர்ந்தவற்றில் தந்திக்கு ஒன்றாக நிற்கும் ஆறு கம்பங்களே அல்நிகோ என்ற உலோகக் கலவைக் காந்தங்கள். அவற்றைத் திருப்ப வலுவான காந்தங்களுக்கு நடுவே வைத்து மறுபடி காந்தமேற்ற வேண்டும், கம்பத்தைத் தட்டி எடுக்க முயன்றால் உள்சுற்று அறுந்துபோகும். இதில் கம்பங்கள் வெறும் இரும்பு. அடியில் ஒரு செராமிக் பட்டைக் காந்தம் ஒட்டியிருக்கிறது. ஹேர் டிரையரால் பசையை இளக்கி, மெல்லிய கத்தியால் நெம்பி, வடக்கு தெற்கு மாறும்படி புரட்டி ஒட்டினேன். கத்தி சுருளின் பக்கம் சறுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒயர்களை மாற்றும் முன், சுருளின் ஒரு முனை ஏதாவது உலோக அடித்தட்டோடு இணைந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். இணைந்திருந்தால் மாற்றிய பிறகு அந்தத் தட்டே சிக்னலோடு சேர்ந்து, “ஜிர்ர்” எல்லாவற்றையும் உள்ளே இழுக்கும். இதில் தட்டு இல்லை. மாட்டியதும் இரண்டும் நான்கும் அமைதியாயின, ஓவர்டிரைவில் கூட.

தனியாக ஒலிக்கும் நெக் பிக்கப் அப்படியே இருக்கிறது. எதிர் மூலையில், திசை பார்த்து உட்கார்ந்தால் கிளீனில் ஹம் தெரியவில்லை, ஓவர்டிரைவில் தெரிகிறது. அதையும் ஒழிக்க வழிகள் உண்டு. தந்தியைக் கேட்காத, ஹம்மை மட்டும் பிடிக்கும் ஒரு போலிச் சுருளைத் தொடரில் சேர்க்கலாம். அது சேர்க்கும் தடையும் இண்டக்டன்ஸும் மேல் ஸ்வரங்களின் பளபளப்பைக் கொஞ்சம் தின்னும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சுருள் வைத்த பிக்கப் போடலாம். சத்தம் நெருங்கி வரும், அதே சத்தம் வராது. சத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போடலாம். வாசிக்கும்போது அது ஹம்மைத் தொடுவதில்லை, இழுத்து விட்ட ஸ்வரத்தின் வாலைத்தான் வெட்டுகிறது. மெல்லிசையில் நீண்ட ஸ்வரம் வாசிப்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பாட்டு நடுவில் இடைவெளி வந்தால் சுண்டுவிரலால் வால்யூமைக் குறைப்பது போதும் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். அவர் கேட்டு வந்த சத்தம் அந்தப் பிக்கப்பில்தான் இருக்கிறது.

ரயில்

எல்லாம் முடிந்த பிறகு அவர் ஒன்று கேட்டார்: “ட்ரெயின் கிளம்பும்போது ஹம் ஏறுதுண்ணா. எனக்கு மட்டும் அப்படித் தோணுதா?” வெறும் தோற்றமில்லை, உண்மையிலேயே ஏறுகிறது. ரயில் மேல்கம்பியில் 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டேஷனிலிருந்து வேகமெடுக்கும் ஒரு ரயில் 200 ஆம்பியர் இழுக்கிறது, கம்பிக்கும் தண்டவாளத்துக்கும் இடையே சுமார் 6 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 50 மீட்டர் தள்ளி 0.1 மைக்ரோடெஸ்லா அளவில் வருகிறது. மேலே பிக்கப்புக்குப் போட்ட கணக்கில் அதே எண்தான். அறை தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. ஸ்டெபிலைசர் அலறிக்கொண்டிருந்தவரை இது அதில் மூழ்கிக் கிடந்தது. தூரத்தை மாற்ற முடியாது, செம்பு தடுக்காது. ரயில் கிளம்பும் நேரத்தில் ரெக்கார்டிங் செய்வதாக இருந்தால் ஸ்விட்சை இரண்டிலோ நான்கிலோ வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக எலக்ட்ரீஷியன் வீட்டுக்கார அம்மாவிடம் ஒப்படைத்த வேலை ஒன்று உண்டு. கோடையில் மண் காய்ந்தால் எர்த் குழியின் தடை ஏறும். ஏப்ரல் முதல் மழை வரும்வரை வாரத்துக்கு ஒருமுறை அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.